மட்டம்

இருபத்தாறு வருடம் மாநகர சபையில்
கோல் பிடித்தவன் நான்.
சிவப்பும் கறுப்புமாய் இலக்கம் எழுதிய
பதினாலடிக் கோல்.
தூரத்தில் ரி.ஓ. கண்ணாடிக்குள் கண்ணை வைத்துக்
கையை ஆட்டுவார்,
இடம், கொஞ்சம் வலம், சரி.
ஆடாமல் நிற்பதுதான் என் உத்தியோகம்.

இந்த ஊரின் பெயரிலேயே மட்டம் இருக்கிறது.
கருவேப்பங்கேணியில் விழுந்த மழைக்கு
வாவி எந்தப் பக்கம் என்று சொல்ல
நிலத்துக்கு நாக்கில்லை.
இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நாலு விரல் சரிவு.
அதையும் ஒரு மாட்டுக்குளம்பு மாற்றிவிடும்.

முதல் கான் மண்கான்.
சாமித்தம்பியும் ஆட்களும் மண்வெட்டியால் இழுத்தது.
தண்ணீர் போனது, கூடவே கரையும் போனது.
இரண்டாவது, கடல் வந்து போன பிறகு
வெளிநாட்டுக் காசில் கொங்கிரீட்டாய் வந்தது.
காசு முடிந்த இடத்தில் கானும் முடிந்தது,
கிளோடியா ரீச்சரின் பின்வேலியில்.
பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது,
வெளிறிய கொடி எந்த நாட்டுடையது என்று
ஒருவருக்கும் நினைவில்லை.
மூன்றாவதுக்கு மூடி போட்டார்கள்.
மூடிக்கு மேல் மோட்டார்சைக்கிள் நின்றது,
பிறகு ஒரு அப்பக்கடை.

அந்த மூன்றாவதுக்கு நான்தான் கோல் பிடித்தேன்.
கணக்குக் கூட்டியபோது
வாவிப்பக்கம் மூன்று அங்குலம் மேடு.
"சேர், தண்ணி திரும்பி வரும்" என்றேன்.
நகுலேஸ் சேர் பேனையை மூடவில்லை.
"டிசம்பர் முடியுமுன் பில் போகவேணும் தம்பி."
மழைக்கும் அதே மாதம்தான்.

முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடந்தது.
வெட்டாவிட்டால் வயல் அழுகும் என்று
படுவான்கரையில் இருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.
வெட்டினால் இறால் கடலோடு போகும் என்றார்கள்
வலைக்காரர்.
இரண்டும் உண்மை.
கச்சேரியில் மூன்று நாள் கூட்டம்.
அதற்குள் வாவி,
நாங்கள் கட்டிக்கொடுத்த வழியாலேயே
ஊருக்குள் ஏறி வந்தது.

ரீச்சர் கத்தவில்லை.
மேசைமேல் ஏற்றிய அடுப்பில்
எனக்கும் தேத்தண்ணி வைத்தார்.
முழங்காலளவு நீரில் நின்று குடித்தேன்.
இரண்டு தரம் நிலத்தை உயர்த்திய வீடு அது.
நிலம் உயர்ந்தது, நிலை உயரவில்லை.
"அவரின் பெட்டியை
வாசலால் எடுக்கேக்க
தூக்கினவங்கள் எல்லாரும் குனிஞ்சாங்கள்,
நீயும்தானே" என்றார்.
பிறகு பென்சிலைத் தந்து
சுவரில் கோடு போடச் சொன்னார்.
ஏற்கனவே நாலு கோடுகள்.
என்னுடையது எல்லாவற்றுக்கும் மேலே.
பழக்கதோசத்தில்
இலக்கத்தை உரக்கச் சொன்னேன்.
எழுதிக்கொள்ள
தூரத்தில் ஒருவரும் இல்லை.

நாலாம் நாள் பெக்கோ வந்து மணலைப் பிளந்தது.
வாவி இறங்கிய சத்தம்
நாவலடி வரைக்கும் கேட்டதாம்.
ரீச்சரின் குசினியில் மிஞ்சியது
சேறும்,
அரிசிப் பானைக்குள் ஒரு செப்பலிக் குஞ்சும்.
அதைக் கானுக்குள்தான் விட்டார்.
அது எந்தப் பக்கம் போனதென்று
நான் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை தெருவெல்லாம் கிறவல்.
மேல்வளவு வைரமுத்து நாலு லோட் பறித்தான்.
எதிர்வீட்டான் மதிலுக்கு அத்திவாரம் வெட்டினான்.
றோட்டுக்காரர் தாரை இன்னும் ஒரு சாண் உயர்த்தினார்கள்.
வெள்ளத்தை ஒருவரும் வெளியேற்றவில்லை,
கைமாற்றிவிட்டார்கள்.
ரீச்சர் வேலியோரம் நின்று
ஒவ்வொரு டிராக்டராய் எண்ணினார்.

இனி நாலாவது கான் வருமாம்.
வரைபடத்தில் நீல அம்பு,
வாவியைப் பார்த்தபடி, மிகவும் நம்பிக்கையாய்.
மார்ச்சில் எனக்குப் பென்சன்.
கோலை ஸ்ரோரில் ஒப்படைத்துக்
கையெழுத்தும் வைக்கவேண்டும்.

நேற்றுப் பின்னேரம்
நானும் இரண்டு லோட் கிறவலுக்குச் சொல்லிவிட்டேன்.
என் வளவுக்குக் கிழக்கே
யாருடைய வீடு தாழ்ந்து கிடக்கிறது என்று
எனக்குத் தெரியும்.
அதற்குக் கோல் தேவையில்லை.